கட்டியின் எல்லையை யார் வரைந்தது?

சரி என்று சொன்னது யார்?

எம்ஆர்ஐ படத்தில் மூளைக் கட்டி எங்கே இருக்கிறது, எதுவரை பரவியிருக்கிறது என்று சில நொடிகளில் குறித்துக் காட்டும் கணினி நிரல்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இத்தனை விழுக்காடு சரியாகச் சொல்கிறது என்று ஓர் எண்ணும் அந்தச் செய்தியில் இருக்கும். படிக்கிற பலருக்கும் அங்கே ஒரு சந்தேகம் எழும். சரி என்று சொன்னது யார்? கட்டி மண்டையோட்டுக்குள் இருக்கிறது. அதைத் திறந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக யாரும் அளந்து பார்க்கவில்லை. அப்படியிருக்க, கணினி போட்ட எல்லையை எதனோடு ஒப்பிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள்?

மனிதர்கள் போட்ட எல்லையோடு. கணினிக்குக் கட்டி என்றால் என்னவென்று தானாகத் தெரியாது. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் படங்களை வைத்துக்கொண்டு, இது கட்டி, இது வீக்கம், இது இறந்துபோன திசு என்று மருத்துவர்கள் இடம் இடமாகக் குறித்துக் கொடுக்கிறார்கள். அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் நிரல் கற்கிறது. பிறகு அது இதுவரை பார்த்திராத படங்களைக் கொடுத்து, அவற்றில் மருத்துவர்கள் முன்பே குறித்து வைத்திருப்பதோடு நிரலின் குறிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறார்கள். இப்படி மனிதர்கள் குறித்து முடித்த படத்தை இந்த அத்தியாயத்தில் விடைப்படம் என்போம். நிரலின் திறமையைப் பற்றி வரும் எண்களெல்லாம் இந்த விடைப்படத்தின் மேல்தான் நிற்கின்றன. செய்திகளில் அதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை என்பது என் வருத்தம்.

உலகம் முழுவதும் இந்த வேலைக்கு எடுத்தாளப்படும் படத்தொகுப்பு ஒன்று உண்டு. பெயர் பிராட்ஸ். 2012இல் பிரான்சின் நைஸ் நகரில், மிக்காய் என்னும் மருத்துவப் பட ஆய்வாளர்களின் மாநாட்டையொட்டி ஒரு போட்டியாகத் தொடங்கியது. அதுவரை ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் கைவசம் இருந்த படங்களில் சோதித்துப் பார்த்துத் தன் முடிவை எழுதிவந்தது. ஒருவர் முடிவை மற்றவர் முடிவோடு ஒப்பிட வழியில்லை. பியர்ன் மென்ஸேயும் அவருடைய கூட்டாளிகளும் எல்லாருக்கும் ஒரே படங்களையும் ஒரே விடைப்படங்களையும் கொடுத்து அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தார்கள். 2015இல் வெளியான அவர்களின் அறிக்கை 65 படத்தொகுதிகளையும் 20 நிரல்களையும் பற்றிப் பேசுகிறது. 2021 போட்டியில் நோயாளிகளின் எண்ணிக்கை 2,040 ஆகிவிட்டது.

அந்த நோயாளிகள் அனைவருக்கும் இருந்தது கிளியோமா என்னும் வகைக் கட்டி. நரம்பணுக்களுக்குத் துணையாக நிற்கும் கிளியா அணுக்களை ஒத்த அணுக்களால் ஆனது அது. அவற்றில் மிகக் கொடியது கிளியோபிளாஸ்டோமா. அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்றும் கொடுத்த பின்னும் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒன்றேகால் ஆண்டைத் தாண்டுவதில்லை. எல்லையை எங்கே போடுவது என்ற கேள்விக்கு இந்த நோயில் இத்தனை முக்கியத்துவம் வந்தது அதனால்தான். எவ்வளவு வெட்டுவது, எங்கே கதிர் பாய்ச்சுவது, மருந்து வேலை செய்கிறதா என்ற மூன்று முடிவுகளும் அந்த எல்லையைப் பொறுத்தவை.

ஒரே மூளைக்கு நான்கு படங்கள்

எம்ஆர்ஐ கருவி உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அளக்கிறது. அளக்கும் விதத்தை மாற்றினால் அதே மூளை வேறு தோற்றம் கொள்ளும். பிராட்ஸ் தொகுப்பில் ஒவ்வொரு நோயாளிக்கும் நான்கு தோற்றங்கள் இருக்கின்றன.

முதலாவது டி1. மூளையின் அமைப்பு இதில் தெளிவாகத் தெரியும்; நீர் கறுப்பாக இருக்கும். இரண்டாவது, கடோலினியம் கலந்த மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றிய பிறகு எடுக்கும் டி1. ஸ்கேன் மையங்களில் ‘கான்ட்ராஸ்ட்’ என்று சொல்வது இதைத்தான். நலமான மூளையில் இரத்தக் குழாய்களின் சுவர், இந்த மருந்தைத் திசுவுக்குள் விடாமல் தடுத்து வைத்திருக்கும். வேகமாக வளரும் கட்டியில் புதிதாக முளைத்த குழாய்கள் ஒழுங்காக அமைவதில்லை. மருந்து கசிந்து வெளியே வரும். கசிந்த இடம் படத்தில் வெள்ளையாக ஒளிரும். மூன்றாவது டி2. இதில் நீர் எங்கிருந்தாலும் வெள்ளை. நான்காவது ஃபிளேர். மூளையின் உட்குழிகளில் இயல்பாகத் தேங்கியிருக்கும் நீரை இது கறுப்பாக்கிவிடும். திசுவுக்குள் ஊறிய நீர் மட்டும் வெள்ளையாக நிற்கும். வீக்கத்தைப் பார்க்க இதைவிட நல்ல படம் இல்லை.

நான்கும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்தும்படி முதலில் கணினியில் சரிசெய்கிறார்கள். மண்டையோடும் முகமும் படத்திலிருந்து நீக்கப்படுகின்றன. நோயாளியின் முகத்தை யாரும் படத்திலிருந்து மீட்டெடுக்க முடியாது என்பது இதனால் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு. பிறகு எல்லா மூளைகளையும் ஒரே அளவுள்ள கட்டத்தில் வைக்கிறார்கள்: நீளவாக்கில் 240, அகலவாக்கில் 240, உயரத்தில் 155 அடுக்குகள். ஒவ்வொரு கட்டமும் மூன்று பக்கமும் 1 மில்லிமீட்டர் உள்ள சிறு கனசதுரம். கைப்பேசிப் படத்தின் புள்ளிக்குக் கனம் கிடையாது, இதற்கு உண்டு என்பதால் கனப்புள்ளி எனலாம். மொத்தம் 89,28,000 கனப்புள்ளிகள். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பதுதான் குறியிடும் வேலை.

ஒரு நோயாளியின் படம்

திரையில் ஒரு படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலது காதுக்கு உட்புறமாக, பொட்டு மடலில் கிளியோபிளாஸ்டோமா. பிராட்ஸின் தொடக்க ஆண்டுகளில் வகுக்கப்பட்ட முறைப்படி அதைக் குறியிட்டுப் பார்ப்போம்.

முதலில் வெளியிலிருந்து தொடங்க வேண்டும். டி2 படத்தில் பெரிய வெள்ளைப் பரப்பு ஒன்று தெரிகிறது. கட்டியைச் சுற்றி நீர் ஊறிய வீக்கம் அது. ஆனால் பக்கத்திலேயே மூளையின் உட்குழியும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. எது வீக்கம், எது குழி? ஃபிளேரைப் பார்த்தால் குழி கறுத்துவிடுகிறது. வீக்கம் வெள்ளையாகவே நிற்கிறது. அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுகிறோம். இங்கே ஒரு பொறி உண்டு. வயதானவர்களின் மூளையில் உட்குழிகளை ஒட்டி, வயதின் காரணமாகவே ஃபிளேரில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். அவை கட்டியின் பகுதி அல்ல. மறுபக்க அரைக்கோளத்திலும் அதே இடத்தில் அதே மாதிரித் திட்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலக்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் திடமான கட்டி. இதற்கு டி1 படங்கள் இரண்டையும் பார்க்கிறோம். மருந்தேற்றிய படத்தில் ஒரு வெள்ளை வளையம் பளிச்சென்று தெரிகிறது. வளையத்தையும் அதனுள் இருப்பதையும், வளையத்தை ஒட்டித் திரண்டிருக்கும் திசுவையும் சேர்த்துக் கட்டியின் மையம் என்று ஒரு கோடு.

மூன்றாவது, அந்த மையத்துக்குள் ஒளிரும் பகுதியைத் தனியே எடுக்கிறோம். வெள்ளை எல்லாம் கட்டி என்று நினைத்துவிடக் கூடாது. இரத்தக் குழாய்களும் ஒளிரும். உட்குழிகளில் நீர் சுரக்கும் குழாய்ப் பின்னலும் ஒளிரும். கட்டிக்குள் இரத்தம் கசிந்திருந்தால் அது மருந்து ஏற்றாமலே டி1 படத்தில் வெள்ளையாக இருக்கும். ஆகவே மருந்துக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்து, மருந்தால் புதிதாக வெளுத்த இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நிரல்கள் இன்றும் அடிக்கடி தவறும் இடங்கள் இவைதான்.

நான்காவது, வளையத்துக்கு நடுவே கறுத்துக் கிடக்கும் பகுதி. கட்டி தன் இரத்த ஓட்டத்தை மீறி வளர்ந்துவிட்டதால் உள்ளே திசு இறந்துபோன இடம் அது.

ஒளிரும் பகுதியையும் இறந்த பகுதியையும் கழித்த பிறகு மையத்தில் ஏதோ கொஞ்சம் மிஞ்சுகிறது. அது ஒளிரவும் இல்லை, இறந்ததாகவும் தெரியவில்லை, வீக்கம் என்றும் சொல்ல முடியவில்லை. ஒளிராத திடக் கட்டி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மற்ற மூன்று பகுதிகளுக்கும் படத்தில் ஓர் அடையாளம் இருக்கிறது. இந்த ஒன்று மட்டும் மிச்சம் என்பதால் வரையறுக்கப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அன்றைய எண்கள் இவை: இறந்த திசுவுக்கு 1, வீக்கத்துக்கு 2, ஒளிராத கட்டிக்கு 3, ஒளிரும் கட்டிக்கு 4, மற்ற எல்லாவற்றுக்கும் 0. ஒவ்வொரு அடுக்கிலும் வரைவது நடக்காத காரியம் என்பதால் மூன்று அடுக்குக்கு ஒன்றாக வரைந்து, இடைப்பட்டவற்றைக் கணினியால் நிரப்பி, பிறகு கண்ணால் சரிபார்த்தார்கள். அப்படிச் சுருக்கியும் ஒரு நோயாளிக்குச் சுமார் 60 நிமிடம் பிடித்தது.

கட்டி எங்கே முடிகிறது?

நம் நோயாளியின் படத்தில் வீக்கம் என்று குறித்த இடத்தை இன்னொரு முறை பார்ப்போம். அங்கே வெறும் நீர்தான் இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. கிளியோமாவின் அணுக்கள் கொத்தாகத் திரண்ட இடத்தோடு நிற்பதில்லை. நரம்பிழைகளின் வழியே, குழாய்களின் ஓரமாக, ஒன்றிரண்டாக நகர்ந்து போய்க்கொண்டே இருக்கும். 1928இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி, கட்டி வந்த நோயாளிகளின் வலது அரைக்கோளம் முழுவதையுமே எடுத்துப் பார்த்தார். அந்த அளவு வெட்டியும் இந்த நோயைத் துடைத்தெறிய முடியவில்லை.

வயலை அளக்க வரும் நில அளவையருக்கு வரப்பு இருக்கிறது, புதைத்த கல் இருக்கிறது. இரண்டு பேர் அளந்தாலும் சங்கிலி ஒரே கல்லில் வந்து நிற்கும். கிளியோமாவுக்கு அப்படிக் கல் எதுவும் கிடையாது. அடர்த்தி குறைந்துகொண்டே போகும் ஒரு பரவலில், இதுவரை கட்டி என்று ஒருவர் முடிவெடுத்துக் கோடு போடுகிறார். அந்தக் கோடு மருத்துவத்துக்கு மிகவும் பயன்படும் முடிவு. ஆனாலும் அது முடிவுதான்.

பிராட்ஸ் இதை மெல்ல மெல்லப் பெயரிலேயே ஒப்புக்கொண்டது. தொடக்கத்தில் வீக்கம் என்று மட்டும் இருந்த பகுதியை 2021இல் கட்டியைச் சுற்றிய வீக்கமும் ஊடுருவப்பட்ட திசுவும் என்றார்கள். 2024இல் சிகிச்சை முடிந்த நோயாளிகளின் தொகுப்பு வந்தபோது, ஃபிளேரில் வெளுத்துத் தெரியும் ஒளிராத சுற்றுப்பகுதி என்று இன்னும் அடக்கமான பெயர் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லி, அதனுள் நீர் எவ்வளவு, கட்டி எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்லாமல் விடும் பெயர் அது. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இருவர் வரைந்தால்

இப்போது இன்னொரு மருத்துவரை அழைத்து, முதலாமவர் வரைந்ததைக் காட்டாமல், அதே நோயாளியின் படத்தைக் குறியிடச் சொல்கிறோம். இருவரின் குறிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்க டைஸ் மதிப்பெண் என்று ஒன்று உண்டு. அமெரிக்க உயிரியலாளர் லீ டைஸ் 1945இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. இரண்டு உயிரினங்கள் எந்த அளவுக்கு ஒரே இடத்தில் சேர்ந்து காணப்படுகின்றன என்று அளப்பதற்காக அவர் அதை உருவாக்கினார். எம்ஆர்ஐ கருவி அப்போது கற்பனையில்கூட இல்லை.

கணக்கு எளிதுதான். இருவரும் கட்டி என்று குறித்த கனப்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இருவருக்கும் பொதுவானவற்றை எண்ணி இரட்டியுங்கள். இரட்டித்ததை அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். முழுக்க ஒத்துப்போனால் 1 வரும். ஒரு புள்ளிகூடப் பொதுவாக இல்லையென்றால் 0.

நம் நோயாளியின் கட்டி மையம் பக்கத்துக்கு 30 மில்லிமீட்டர் உள்ள கனசதுரம் என்று வசதிக்காக வைத்துக்கொள்வோம். முதல் மருத்துவர் அதைச் சரியாக ஓரத்தில் வரைந்தார், 27,000 கனப்புள்ளிகள். இரண்டாமவர் எல்லாப் பக்கமும் 1 மில்லிமீட்டர் வெளியே தள்ளி வரைந்தார். பக்கம் 32 ஆகிறது, 32,768 கனப்புள்ளிகள். முதலாமவர் குறித்தது முழுவதும் இருவருக்கும் பொது. 27,000ஐ இரட்டித்தால் 54,000. கூட்டுத்தொகை 59,768. மதிப்பெண் 0.90.

அதே இரண்டு மருத்துவர்களிடம் பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள சிறு கட்டியைக் கொடுப்போம். ஒருவருக்கு 1,000 கனப்புள்ளிகள். மற்றவர் முன்போலவே 1 மில்லிமீட்டர் தள்ளி வரைகிறார், 1,728. இப்போது மதிப்பெண் 0.73. கவனத்தில் எந்தக் குறையும் வரவில்லை, கையும் மாறவில்லை. கட்டி சிறியது என்பதாலேயே மதிப்பெண் இவ்வளவு சரிந்துவிட்டது. சிறு கட்டியின் கனப்புள்ளிகளில் பெரும்பங்கு ஓரத்தில் இருக்கிறது; சண்டை எப்போதும் ஓரத்தில்தான். ஆகவே ஒரு நிரலுக்கு 0.90 என்றும் இன்னொன்றுக்கு 0.73 என்றும் யாராவது சொன்னால், முதலில் கட்டிகளின் அளவைக் கேட்க வேண்டும்.

இனி உண்மையான அளவுக்கு வருவோம். பிராட்ஸின் 2015 அறிக்கை, ஒரே படத்தை நான்கு பேர்வரை தனித்தனியாகக் குறியிட வைத்துப் பார்த்தது. கட்டியின் பகுதியைப் பொறுத்து, மனிதருக்கும் மனிதருக்கும் இடையே டைஸ் மதிப்பெண் 74 முதல் 85 விழுக்காடுவரை இருந்தது. வீக்கத்தையும் சேர்த்த முழுக் கட்டியில் ஒற்றுமை அதிகம். உள்ளே போகப் போகக் குறைந்தது. பயிற்சி பெற்றவர்கள், ஒரே விதிமுறையைப் படித்தவர்கள், ஒரே படத்தைப் பார்த்தவர்கள் கண்ட ஒற்றுமை இவ்வளவுதான். இந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு, மனிதரைவிடத் துல்லியமான நிரல் என்ற சொற்றொடரை நான் நம்புவதில்லை. மனிதர்களே ஒருவரோடொருவர் 0.80 அளவில் ஒத்துப்போகும் இடத்தில் ஒரு நிரல் 0.90 வாங்கினால், அந்த விடைப்படத்தை வரைந்த குழுவின் பழக்கத்தை அது நன்றாகப் படித்துக்கொண்டது என்று மட்டுமே உறுதியாகச் சொல்லலாம்.

காணாமல் போன மூன்று

2017 முதல் 2021 வரையிலான பிராட்ஸ் கோப்பு ஒன்றைத் திறக்கும் மாணவர் திகைத்து நிற்பார். எண்கள் 0, 1, 2, 4 என்று இருக்கின்றன. 3 இல்லை. கோப்பு கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும்.

கெட்டுப்போகவில்லை. 3 என்பது அந்த மிச்சப் பகுதி, ஒளிராத திடக் கட்டி. பல மருத்துவமனைகளின் படங்கள் சேரச் சேர, ஒவ்வோர் இடத்திலும் குறியிட்டவர்கள் இந்தப் பகுதியை வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. சிலர் தாராளமாகக் குறித்தார்கள். சிலர் அதையே வீக்கத்தில் சேர்த்தார்கள். படத்தில் போதிய சான்று இல்லாத ஒன்றை வரைந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், வரைபவரின் பழக்கம்தான் படத்தில் ஏறும். அப்புறம் அதை வைத்து நிரல்களைத் தரவரிசைப்படுத்தினால் வரிசையே கோணலாகிவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்பைரிடான் பாகாஸ் முன்னின்று 2017இல் தொகுப்பைத் திருத்தியமைத்தபோது, 3ஐ நீக்கி அந்தப் பகுதியை 1ஓடு சேர்த்துவிட்டார்கள். ஒளிரும் கட்டியின் எண் பழையபடி 4ஆகவே நின்றது. நடுவில் பள்ளம் விழுந்தது அப்படித்தான்.

கதை அங்கே முடியவில்லை. 2023இல் ஒளிரும் கட்டிக்கு 3 கொடுத்து எண்களை வரிசைப்படுத்தினார்கள். 2024இல் சிகிச்சைக்குப் பிந்தைய தொகுப்பில் 4 திரும்பி வந்தது. இம்முறை அறுவையால் உண்டான குழிக்கு. 2021 கோப்பில் 4 என்பது உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் கட்டி. 2024 கோப்பில் அதே 4 என்பது கட்டியை வெட்டி எடுத்த இடம். எண்களின் பொருளைப் பார்க்காமல் இரண்டையும் கலந்து ஒரு நிரலைப் பயிற்றுவித்தால், வெற்றுக் குழியைக் கட்டி என்று அது கற்றுக்கொள்ளும். கணினி எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது, எண்கள் பொருந்துகின்றனவே.

ஒற்றைப் புள்ளியின் விலை

மதிப்பெண் விதியும் நிரல்களின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வீரியம் குறைந்த சில கிளியோமாக்களில் ஒளிரும் பகுதியே இருக்காது. விடைப்படத்தில் அந்த எண்ணுக்கு ஒரு புள்ளியும் இல்லை. அப்போது டைஸ் கணக்கு என்னாவது? பிராட்ஸின் விதிப்படி, நிரலும் எதையும் குறிக்காவிட்டால் முழு மதிப்பெண் 1. ஒரே ஒரு கனப்புள்ளியைத் தவறாகக் குறித்தாலும் 0. கடுகளவு தவறுக்கு முழு மதிப்பெண்ணும் போய்விடும்.

2020 போட்டியில் முதலிடம் பெற்ற ஜெர்மனியின் ஹைடல்பர்க் குழு, தன் என்என்யூ-நெட் நிரலில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. ஒளிரும் பகுதி என்று நிரல் குறித்தது ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், அதை முழுவதும் அழித்து இறந்த திசு என்று மாற்றிவிடுவது. போட்டியில் அது நியாயமான உத்தி, மதிப்பெண் கூடியது. மருத்துவமனையில் நிலைமை வேறு. சிறிதாக ஒளிரத் தொடங்கும் ஒரு புள்ளி, நோய் திரும்புவதன் முதல் அடையாளமாக இருக்கலாம். போட்டியில் வென்ற நிரலை அப்படியே எடுத்து நோயாளிகளிடம் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். 2023 முதல் ஒவ்வொரு கட்டித் திட்டையும் தனித்தனியாக எண்ணி மதிப்பிடும் முறைக்கு மாறினார்கள். சிறு திட்டுகளைத் தவறவிட்டால் அது இப்போது கணக்கில் தெரிகிறது.

இயந்திரம் வரைய, மனிதர் திருத்த

ஒரு படத்துக்கு 60 நிமிடம் என்றால் 2,040 நோயாளிகளுக்கு எப்படிக் குறியிட்டார்கள் என்று கேட்கலாம். 2014 முதல் 2016 வரை ஒரு குறுக்குவழியில் போனார்கள். முந்தைய போட்டிகளில் சிறப்பாகச் செய்த நிரல்களின் முடிவுகளைக் கலந்து, அதையே விடைப்படமாக வைத்தார்கள். நிரல்களின் விடையை வைத்து நிரல்களுக்கு மதிப்பெண் போடுகிற நிலை அது. பழைய நிரல்களுக்கு இருந்த கண்கோளாறு புதியவற்றுக்கும் பாடமாகப் போய்ச் சேரும். அறுவைக்கு முந்தைய படங்களும் பிந்தைய படங்களும் அதில் கலந்தே இருந்தன. 2017இல் அவற்றைக் கைவிட்டு, நிபுணர்கள் படங்களை மறுபடி பார்த்து, அறுவைக்கு முந்தையவற்றைப் பிரித்தெடுத்து, கையால் குறியிட்டார்கள். செய்து முடித்த வேலையைத் தூக்கிப் போட அமைப்பாளர்களுக்குத் துணிவு வேண்டும். அது அவர்களிடம் இருந்தது.

2021இல் இரண்டு வழிகளையும் இணைத்தார்கள். டீப்மெடிக், டீப்ஸ்கேன், என்என்யூ-நெட் என்ற மூன்று நிரல்கள் முதலில் தனித்தனியே குறியிட்டன. மூன்றின் முடிவுகளையும் ஸ்டேப்பிள் என்னும் முறையால் ஒன்றாக்கினார்கள். சைமன் வார்ஃபீல்டும் அவருடைய கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட முறை அது. வெறும் பெரும்பான்மை வாக்கு எண்ணாமல், மற்றவர்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்பதைப் பார்த்து ஒவ்வொருவரின் நம்பகத்தையும் கணக்கிட்டு, அதற்கேற்ப எடை கொடுக்கும். அப்படி வந்த முதல் வரைவை, நரம்புக் கதிரியக்க மருத்துவர்கள் ஐடிகே-ஸ்னாப் மென்பொருளில் திறந்து கையால் திருத்தினார்கள். இவர்கள் தாங்களாக முன்வந்து உழைத்தவர்கள். இறுதியில் 15 ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள மூத்தவர்கள் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். ஒப்பாத படம் மறுபடி திருத்தத்துக்குப் போனது.

இது நல்ல முறை. என்றாலும் வெற்றுப் படத்தில் வரைபவரும், முன்பே போட்ட கோட்டைத் திருத்துபவரும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. கோடு ஏறக்குறையச் சரியாக இருந்தால் கை அதை விட்டுவிடும். இயந்திரத்தின் சாய்வு இப்படி விடைப்படத்துக்குள் சிறிதளவாவது தங்கிவிடும் என்றே நினைக்கிறேன்.

யாருடைய மூளைகள்?

விடைப்படம் எவ்வளவு கவனமாக வரையப்பட்டாலும், அதில் இல்லாத நோயாளியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பிராட்ஸின் படங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. படங்கள் கொடுத்த இடங்களின் பட்டியலில் மும்பையின் டாடா நினைவு மையமும் உண்டு. போட்டியில் கலந்துகொண்ட குழுக்களில் சென்னை ஐஐடியின் ஆய்வாளர்களும் இருந்திருக்கிறார்கள். ஆனால் இந்திய மூளைகள் அந்தத் தொகுப்பில் சிறு பங்குதான்.

இதனால் என்ன கெடும்? 2023இல் சகாரா பாலைக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். அங்கே கருவிகள் பழையவை. படத்தின் தெளிவு குறைவு. நோயாளிகள் மருத்துவரிடம் தாமதமாக வருகிறார்கள், அதற்குள் கட்டி பெருத்துவிடுகிறது. செல்வந்த நாடுகளின் படங்களில் பயின்ற நிரல், இப்படிப்பட்ட படங்களைப் பார்த்ததே இல்லை. நம் ஊர்களிலும் ஒரே மாவட்டத்தில் புதுக் கருவியும் பழைய கருவியும் அருகருகே ஓடுகின்றன. எந்தக் கருவியில் எடுத்த படத்தில் அந்த நிரல் சோதிக்கப்பட்டது என்பது ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தேவையான தகவல்.

இந்தியாவில் இந்தத் துறைக்கு இன்னும் பல நிரல்கள் தேவை என்று அடிக்கடி பேசப்படுகிறது. எனக்கு அதைவிட அவசரமாகத் தோன்றுவது, நம் கதிரியக்க மருத்துவர்களுக்குக் குறியிடும் வேலைக்கென்று ஊதியமும் நேரமும் ஒதுக்குவது; அவர்களின் பெயரை ஆய்வில் சேர்ப்பது; ஒரு படத்தைக் குறைந்தது இருவராவது தனித்தனியே குறியிட வைத்து, அவர்கள் வேறுபட்ட இடங்களை அழிக்காமல் பாதுகாப்பது. வேறுபட்ட இடங்கள்தான் நோயின் ஓரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்த மிக நேர்மையான தகவல்.

நீங்கள் மருத்துவராகவோ, மருத்துவமனைக்குக் கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பவராகவோ இருந்தால், கட்டியின் எல்லையைக் காட்டும் நிரலை விற்க வருபவரிடம் விடைப்படத்தைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை பேர் வரைந்தார்கள், அவர்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போனார்கள், எந்த ஆண்டின் எண்முறை, எந்த நாட்டு நோயாளிகள், எந்தக் கருவி என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அது வராமல் கையொப்பம் இட வேண்டாம்.